செவ்வாய்க்கிழமை இடாப்பு

மூண்டு மணிக்கு விடவேண்டிய துளியை விட்டாச்சு, அடுத்தது நாலு மணிக்கு. அதுவரைக்கும் நான் மல்லாக்கக் கிடக்கவேணும், குனியக்கூடாது, தும்மக்கூடாது, கண்ணைக் கசக்கக்கூடாது, அழவும் கூடாதாம், டொக்டர் சிரிச்சுக்கொண்டு சொன்னவர், எழுபத்தெட்டு வயசுக் கிழவனுக்கு என்ன அழுகை எண்டு நினைச்சிருப்பார் பாவம். திங்கட்கிழமை வலது கண்ணை வெட்டிப் புது வில்லை வைச்சது, மேலை ஒரு பிளாஸ்டிக் மூடி, அதுக்கு மேலை பிளாஸ்டர். இடது கண்ணிலை பார்வை எப்பவோ போட்டுது. ஆக மொத்தம் இண்டைக்கு வியாழக்கிழமை நான் ஒரு முழுக் குருடன். வெள்ளவத்தையிலை மூண்டாம் மாடி, யன்னலுக்கு அங்காலை ரயில் பாதை, அதுக்கும் அங்காலை கடல், ரெண்டும் மாறி மாறி இரையுது. தலைமாட்டிலை கதிரையைப் போட்டு என்ரை மனிசி இருக்கிறா, பவளராணி, எனக்கு எப்பவும் பவளம். மடியிலை அந்தப் புத்தகம். நேரே வாசிக்கிறேல்லை அவ, இங்கிலிசிலை ஒரு பந்தியைத் தனக்குள்ளை வாசிச்சு முடிச்சு, "அதாவது" எண்டு தொடங்கித் தமிழிலை சொல்லுவா. எழுதினவன் ஆமோஸ் கலிண்டா. முந்தி நான் ஒப்பந்தத்திலை போய்க் கணக்குப் படிப்பிச்ச வெளிநாட்டுப் பெடியன், நாலாம் போர்ம் வகுப்பு மொனிட்டர், கணக்கிலை முப்பத்தொண்டுக்கு மேலை வாங்கினதில்லை. பேந்து எட்டு வருசம் மறியலிலை கம்பி எண்ணி, ஆறு வருசம் மந்திரி, இப்ப சுயசரிதை. போன மாசம் தபாலிலை வந்தது. முதல் தாளிலை கையாலை எழுதியிருக்கிறானாம், பவளம் குரல் தழுதழுக்க வாசிச்சா: 'எழுதப்படுவது உண்மையாக இருக்கவேண்டும் என்று எங்களுக்குக் கற்பித்த மிஸ்டர் நாயகம் அவர்களுக்கு.' "பாருங்கோப்பா, நாற்பத்தைஞ்சு வருசமாகியும் என்ன மரியாதை!" எண்டா. அது நான் வகுப்பிலை சொல்லுற வசனம்தான். பெடியளின்ரை வரவு பதியிற இடாப்பு மார்க் பண்ணேக்கை சொல்லுறது. வேறை ஒண்டுக்கும் நான் அதைச் சொன்னதில்லை, அவனுக்கு அது தெரியும்.

இந்தப் புத்தகங்களை எனக்குத் தெரியாதே. ஓய்வெடுத்தாப் பிறகு அந்தப் பக்கத்து ஆக்கள் எழுதினது எத்தினையை வாசிச்சுத் தள்ளியிருப்பன். மறியலுக்குப் போனவனும் எழுதுவான், மறியலிலை போட்டவனும் எழுதுவான். ஒருத்தராலையும் சும்மா பிறக்க ஏலாது. ரயில் வந்த வருசம் பிறப்பினம், இல்லாட்டில் பஞ்சம் வந்த வருசம். ஆமோசும் அப்பிடித்தான், முதலாம் அத்தியாயத்திலை அவனுக்குப் பால் பல்லு விழுகுது, அண்டைக்குத்தான் வெள்ளைக்காரக் கவர்னர் அவங்கடை ஊருக்கு வாறார். பல்லை எறியப் போனவனைப் பொலிஸ் மறிக்குது. மூண்டாம் அத்தியாயத்திலை தேப்பன் தாயை விட்டிட்டுப் போறார், அதே கிழமை பழைய கொடியை இறக்கிப் புதுக் கொடி ஏத்துகினம். "இந்தப் பெடியன்ரை வீட்டிலை ஒரு சட்டி உடைஞ்சாலும் நாடு உடையுமோ?" எண்டு நான் பகிடி விட்டன், பவளம் சிரிச்சா. நான் சிரிக்கேல்லை. எனக்கு விளங்குது அந்த வேலை. தன்ரை சீவியத்தையும் நாட்டின்ரை கதையையும் ஒரு பாயா இழைக்கிறான், ஓலை ஒண்டும் தனிய நிற்காது. அந்தப் பாய்க்குள்ளை ஒரு சமையல்காரி வந்தால் அவ சமையல்காரியா இருக்கேலாது, பொறுமையா இருந்த தாய்நாடாம். ஒரு ரயில் கார்ட் வந்தால் அவன் காலனி ஆட்சி. அப்ப பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தன், வேற்று நாட்டான், கையிலை சிவப்பு மைப் பேனையோடை வந்தால், அவன் என்னவா இருப்பான்? சொல்லுங்கோ பாப்பம். எங்களுக்கும் ஒரு பிள்ளை அங்கை பிறந்தது. உயிரில்லாமல். அவங்கடை சுதந்திர தினக் கிழமை, ஆசுபத்திரிக்கு வெளியிலை வாணம் விட்டுக்கொண்டு நிண்டாங்கள், ஒவ்வொரு வெடிக்கும் பவளம் என்ரை கையை நெரிச்சா. அதை ஒருத்தரும் எழுதேல்லை. எங்களுக்கு எழுத அங்கை ஒரு நாடும் இருக்கேல்லை, இஞ்சை இருந்ததும் பிறகு என்ன பட்டுதெண்டு எல்லாருக்கும் தெரியும். பிள்ளையைப் பெட்டியிலை வைச்சு நானும் ஹெட்மாஸ்டர் முலெங்காவும் கொண்டு போய்த் தாட்டம். செம்மண். அந்தாள் தொப்பியைக் கழட்டிப்போட்டு மழைக்குள்ளை நிண்டவர். முலெங்காவை ஏன் இப்ப நினைக்கிறன், நினைக்கக்கூடாது, நினைச்சால் அந்த வியாழக்கிழமைதான் வரும்.

"அதாவது," எண்டா பவளம், "ஆமி ஆட்சியைப் பிடிச்ச அண்டைக்கு விடிய றேடியோவிலை பாண்டு வாத்தியம் மட்டும்தானாம் போனது, இவன்ரை தாய் கஞ்சி கிண்டிக்கொண்டு, ஆரோ பெரிய ஆள் செத்திட்டார் போலை எண்டு சொன்னவவாம்." ஓம், எனக்கும் அந்தப் பாண்டு காதுக்குள்ளை கேக்குது. வகுப்புகளிலை மாட்டியிருந்த சனாதிபதி படத்தை ரெண்டு நாளிலை கழட்டிப் போட்டினம், சுவரிலை ஒரு வெள்ளைச் சதுரம், நான் கரும்பலகையைப் பாக்கத் திரும்புற நேரமெல்லாம் அது என்னைப் பாக்கும். இது ஒன்பதாம் அத்தியாயம். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ரெண்டு தாளோ மூண்டு தாளோ. "பவளம், கண் நோகுது, இண்டைக்கு விடும்" எண்டன். "கண்ணுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம்? பேசாமல் கிடவுங்கோ." "ஒரு தேத்தண்ணி போடும்." "இப்பதானே குடிச்சனீங்கள். கொஞ்சம் பொறுங்கோ அப்பா, அந்தப் பெடியன் வாற இடம் கிட்டுது. டுமிசானியைப் பற்றி இவன் ஒரு வரியாவது எழுதியிருப்பான். ஒரே வாங்கிலை பக்கத்திலை பக்கத்திலை இருந்து படிச்சதுகள்." இவ இந்தப் புத்தகத்தைத் தொட்டதே அதுக்குத்தான், எனக்காக இல்லை. டுமிசானி. சனிக்கிழமையிலை கணக்குக் கேக்க எண்டு வருவான், கணக்கு அவனுக்கு என்னைவிட நல்லா வரும், வாறது இவ சுடுற தோசைக்கு. அந்த நெடுவல் குசினி நிலையிலை தலை இடிபடக் குனிஞ்சு வந்து, இவ சொல்லிக் குடுத்த மாதிரி "அம்மா, பசிக்குது" எண்டுவான். அவ்வளவு தமிழ்தான் தெரியும். இவவுக்கு அது காணும். திங்களிலை இருந்து வெள்ளி வரைக்கும் என்ரை சாப்பாட்டுப் பெட்டியோடை இன்னொரு பெட்டி வரும், புட்டும் சம்பலும், ஆமோசும் அதிலை பங்கு கேட்டு வாங்கித் தின்பான். பிள்ளை தாட்டு ஒரு வருசத்துக்குப் பிறகு இவ திரும்பச் சிரிக்கத் தொடங்கினது அந்தக் குசினியிலைதான். அதை நான் கண்ணாலை கண்டனான். கண்டும்தான் செய்தனான். என்னத்தைச் செய்தனான்? ஒண்டும் செய்யேல்லை. அதுதானே விசயம்.

ஆறுதலா நினைச்சுப் பாக்கிறன், ஒழுங்கா, கணக்குப் போலை. செவ்வாய்க்கிழமை பட்டணத்திலை பெடியள் ஊர்வலம் போனாங்கள், ஆமிக்கு எதிரா. எந்தப் பள்ளிக்கூடத்துப் பெடியளெண்டு ஆருக்கும் தெரியாது, சீருடையைக் கழட்டிப்போட்டுத்தான் போனது. அண்டைக்கு என்ரை வகுப்பிலை மூண்டு பேர் வரேல்லை. ஒருத்தனுக்கு மலேரியா, கடிதம் வந்தது. ஒருத்தன் செத்தவீட்டுக்குப் போனது, கடிதம் வந்தது. டுமிசானிக்குக் கடிதமில்லை. நான் சிவப்பு மையாலை ஒரு சின்ன வட்டம் போட்டன், கடிதமில்லாமல் வராதவனுக்கு வட்டம், அது என்ரை முறை. பன்ரெண்டு வருச சேவையிலை ஒரு இடாப்பிலையும் வெட்டித் திருத்தினதில்லை, பிறவுன் பேப்பர் உறை, அடிமட்டம் வைச்ச கோடு, கல்விக் கந்தோர் அதிகாரி வந்தால் என்ரை இடாப்பைத்தான் மற்ற ஆசிரியர்மாருக்குக் காட்டுவான். எனக்கு அதிலை ஒரு பெருமை, சனியன் பிடிச்ச பெருமை. வியாழக்கிழமை இடைவேளைக்கு முலெங்கா என்ரை மேசைக்கு வந்தார். வந்து யன்னலைப் பாத்துக்கொண்டு சொன்னார்: "மிஸ்டர் நாயகம், உங்களுடைய இடாப்பு நேற்றைய மழையில் நனைந்துவிட்டதல்லவா? கூரை ஒழுகியிருக்கும். என் அலமாரியில் புதிய இடாப்பு ஒன்று இருக்கிறது. மதியத்துக்குள் நீங்கள் புதிதாக எழுதிவிடலாம்." வெளியிலை ஆமி ஜீப் நிக்குது, செவ்வாய்க்கிழமை வராதவை ஆரெண்டு இடாப்புகளிலை பாக்க வந்தது. நான் என்ன சொன்னன்? "இல்லை சேர், என்னுடையது நனையவில்லை. எல்லாம் ஒழுங்காக இருக்கிறது." கடவுளே. விளங்காமல் சொன்னனோ? முதல் விளங்கேல்லை. சொல்லி முடிக்க விளங்கினது. அந்தாள் என்னைத் திரும்பிப் பாத்தார், அப்ப நல்லா விளங்கினது, வாயைத் திறந்து "ஓம் சேர், நனைஞ்சுதான் போச்சு" எண்டு சொல்ல நேரமும் இருந்தது. சொல்லேல்லை. பயமோ? நான் வேற்று நாட்டான், ஒப்பந்தக்காரன், பிடிச்சு ஏத்திவிட்டால் எங்கை போறது எண்ட பயமோ? பெருமையோ? ஒரு நாளைக்குப் பயம் எண்டு தீர்ப்புச் சொல்லுறன், அடுத்த நாள் பெருமை எண்டு சொல்லுறன், நாற்பத்தைஞ்சு வருசமா இந்தக் கணக்கு விடை தருகுதில்லை. பிறகு நான் செய்ததுதான் பெரிய வேலை. மொனிட்டரைக் கூப்பிட்டன். "ஆமோஸ், இதை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வா." அவன் ரெண்டு கையாலையும் வாங்கி நெஞ்சோடை அணைச்சுக்கொண்டு போனான், நனையாத இடாப்பு, உறை கசங்காத இடாப்பு. ஒரு இளம் ஆமி ஒஃபீசர் பிறகு வந்து எனக்குக் கை தந்தவன். "மிக நேர்த்தி, சேர்" எண்டவன். பன்ரெண்டு மணிக்குக் கோணக் கணிதம் நடக்கேக்கை டுமிசானியைக் கூப்பிட்டினம். எழும்பினான், கவராயத்தை மூடி வைச்சான், என்னைப் பாத்துப் போகட்டோ எண்டு அனுமதி கேட்டான். நான் தலையாட்டினன். தலையாட்டினன்! போனவன்தான். உடம்பும் வரேல்லை, ஒரு கடதாசியும் வரேல்லை. புட்டுப் பெட்டி வாங்குக்குக் கீழை இருந்தது.

அந்தப் பெட்டியை நான் வீட்டை கொண்டு போனன், அதுதான் பிழைச்சது, வழியிலை எறிஞ்சிருக்கலாம். பொழுதுபட இவ அதைத் திறந்து பாத்துப்போட்டு, புட்டு அப்பிடியே கிடக்கு, என்னை நிமிந்து பாத்துக் கேட்டா: "இடாப்பைப் பாத்துத்தான் பிடிச்சவங்களாம் எண்டு கீழ் வீட்டு மனிசி சொல்லுறா. உங்கடை இடாப்போ?" நான் போட்டிருந்த சேட்டைக் கழட்டிக்கொண்டு நிண்டனான், முகம் துணிக்குள்ளை. "என்ரை இடாப்பு மழையிலை நனைஞ்சு போச்சு. அதாலை அவங்கள் அதை எடுக்கேல்லை. ஆரோ வெளியிலை காட்டிக் குடுத்திருக்கிறாங்கள்." எவ்வளவு லேசா வந்தது பாத்தியளே. முலெங்கா எனக்குத் தந்த பொய், ஒரு பெடியனைக் காப்பாத்தத் தந்த பொய், காலமை வாய்க்குள்ளை வரமாட்டன் எண்டது, பின்னேரம் என்னைக் காப்பாத்த வழுக்கிக்கொண்டு வந்திட்டுது. இவ அதுக்குப் பிறகு ஒண்டும் கேக்கேல்லை. நம்பினா. அண்டு தொடக்கம் நம்பிக்கொண்டு எனக்குச் சோறு போட்டவ. அந்த வசனத்தை நான் பூமியிலை வேறை ஒரு சீவனுக்கும் சொன்னதில்லை. ஆமோசுக்கு உண்மை தெரியும், அவன் கையாலை காவினவன். அதை எழுதினால் தன்னையும் சேத்துத்தான் எழுதவேணும், 'நான் சுமந்து சென்றேன்' எண்டு. எழுதுவான். அவன் எழுதுவான். அப்பிடித்தான் இந்தப் புத்தகங்கள் பெரிய புத்தகமாகிறது, தன்ரை கையிலை இருந்த கறையைக் காட்டி நாட்டின்ரை கறையைச் சொல்லுறது. உண்மையைப் பற்றின அந்த வசனத்தை முதல் தாளிலை எழுதி எனக்குத்தானே அனுப்பினவன். ஐயோ பவளம், நிப்பாட்டும். மனசுக்குள்ளைதான் சொல்லுறன். இப்பவும் நானே சொல்லிப்போடலாம், அவ வாசிக்க முதல், ரெண்டு வசனம்தான். பவளம், இடாப்பு நனையேல்லை. அவ்வளவுதான். சொல்லு. சொல்லன், கோதாரி பிடிச்சவனே. ரயில் ஒண்டு வருகுது, இது போகட்டும், போன பிறகு சொல்லுவம். கட்டில் நடுங்குது, யன்னல் கண்ணாடி அதிருது, போகுது, போட்டுது. இப்ப கடல் மட்டும்தான். பவளம் தாள் திருப்புறதை நான் இவ்வளவு நேரமும் கேட்டுக்கொண்டு வந்தனான், விரலைத் தொட்டுச் சரக்கெண்டு திருப்புவா. கனநேரமாத் திருப்பேல்லை. மூச்சும் கேக்கேல்லை.

"பவளம்?" கையாலை கதிரைப் பக்கம் தடவினன். "என்னப்பா, நித்திரையே?" கதிரை ஒருக்கால் கிறீச்சிட்டுது. பேந்து திரும்பவும் தொடக்கத்துக்குப் போய் வாசிக்கிறா போலை, விரல் தாளிலை உரசுற சத்தம், மெதுவா, வரி வரியா. எவ்வளவு நேரமோ. என்ரை மூடிக்குள்ளை கண் குத்துது, அழக்கூடாது, டொக்டர் சொன்னவர். "அதாவது," எண்டா. குரலிலை ஒரு வித்தியாசமும் இல்லை, அரிசி விலை சொல்லுற குரல். "அதாவது, அண்டைக்கு ஆமி எல்லா வகுப்பு இடாப்பையும் எடுத்ததாம்." ஓம். "எங்கடை வகுப்பு இடாப்பு மட்டும் மழையிலை நனைஞ்சு போச்சாம். அதாலை அவங்கள் அதை எடுக்கேல்லையாம்." எனக்கு உடம்பெல்லாம் ஒருக்கால் லேசாகிப் போச்சு. ஆமோஸ், என்ரை ராசா, நீ என்னை விட்டிட்டாய், நல்லாயிருப்பாய் எண்டு நெஞ்சுக்குள்ளை கத்தினன். "டுமிசானியை ஆரோ வெளியிலைதான் காட்டிக் குடுத்தவங்களாம்" எண்டு முடிச்சா. அப்பதான் விளங்கினது. மழை. நனைஞ்சது. வெளியிலை ஆரோ. இது ஆமோசின்ரை வசனமில்லை, அவனுக்கு இதைத் தெரியவே தெரியாது. இது நான் சேட்டுக்குள்ளை முகத்தை வைச்சுக்கொண்டு சொன்ன வசனம், அதே சொல்லுகளிலை. அந்தத் தாளிலை வேறை என்னவோ இருக்குது. அதை அவ வாசிச்சிட்டா, ரெண்டு தரம் வாசிச்சிட்டா. வாசிச்சுப்போட்டு, என்ரை பொய்யை எடுத்து என்ரை கையிலை திருப்பித் தாறா.

"அப்பிடித்தானே நடந்தது?" எண்டு கேட்டா.

ஆமோசைக் கேக்கேல்லை. என்னைத்தான். யன்னலைப் பாத்துக்கொண்டு கேட்டிருப்பா எண்டு நினைக்கிறன், முலெங்கா கேட்ட மாதிரி. நேரம் இருந்தது. அண்டைக்கு இருந்ததைவிடக் கூட நேரம் இருந்தது, ஒரு அலை வந்து அடிச்சுத் திரும்பிப் போகுற அளவு.

"ஓம்," எண்டன். "அப்பிடித்தான்."

"சரி." தாள் மடியிற சத்தம் கேட்டுது. பவளம் புத்தகத் தாளை மடிக்கிறவ இல்லை, நான் மடிச்சால் கண்டபாட்டுக்குப் பேசுவா. இண்டைக்கு நகத்தாலை அழுத்தி மடிச்சா. "நூற்றி நாற்பத்திரண்டாம் பக்கம்," எண்டா, "செவ்வாய்க்கிழமை கட்டு அவிழ்ப்பினம்தானே. பேந்து நீங்களே வாசியுங்கோ. நான் இனி வாசிக்கேல்லை." புத்தகத்தை என்ரை தலையணைக்குப் பக்கத்திலை வைச்சா. நாலு மணி அடிச்சுது. பிளாஸ்டரை உரிச்சு, மூடியைத் தூக்கி, ஒரு மங்கல் வெளிச்சம், அதுக்குள்ளை இவவின்ரை முகம் இருக்கிற இடம் மட்டும் கறுப்பா, "மேலை பாருங்கோ" எண்டா, துளி விழுந்து எரிஞ்சுது. மற்ற நாளிலை கன்னத்தாலை வழியிறதை அவதான் ஒற்றி எடுப்பா. இண்டைக்குப் பஞ்சை என்ரை கையிலை தந்திட்டு, மூடியை ஒட்டிப்போட்டு எழும்பிப் போனா. குசினியிலை பைப் திறக்கிற சத்தம் கேட்டுது. செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஐஞ்சு நாள் கிடக்கு.